ஆஸ்கர் ராபர்ட்சன்: ஒரு எண்ணுக்குள் அடைபட்ட மனிதர்

போன மாதம் முழுக்க ஒரு எக்ஸெல் ஷீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். 1960-களின் என்பிஏ புள்ளிவிவரங்கள். யாரும் கேட்கவில்லை, எந்தக் கட்டுரைக்காகவும் இல்லை. நண்பர் ஒருவரோடு வந்த வாக்குவாதம்தான் காரணம். "ஆஸ்கர் ராபர்ட்சனா? அந்தக் காலத்துல எல்லாரும் ஓடிக்கிட்டே இருந்தாங்கப்பா, எண்ணிக்கை தானா ஏறும். வெஸ்ட்புரூக் அதைத் தாண்டியாச்சு, கதை முடிஞ்சது" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன், கையில் ஒன்றும் இல்லை. எனக்கும் அந்த மனிதரைப் பற்றித் தெரிந்தது அந்த ஒரு எண் மட்டும்தான். அது கொஞ்சம் உறுத்திவிட்டது. இந்தப் பதிவு அந்த உறுத்தலில் இருந்து வந்தது.

கூடைப்பந்து அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரே ஆட்டத்தில் ஒருவர் பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கம் தொட்டால் அது டிரிபிள் டபுள். ரீபவுண்ட் என்றால் கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது. அசிஸ்ட் என்றால் இன்னொருவர் கூடை போடும்படி பந்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது. உயரமானவன் ரீபவுண்ட் எடுப்பான், குள்ளமானவன் அசிஸ்ட் கொடுப்பான் என்பது பொது வழக்கம். இரண்டையும் ஒருவரே செய்வது அபூர்வம். ஒரு ஆட்டத்தில் செய்தாலே மறுநாள் செய்தி. 1961-62 சீசனில் ராபர்ட்சன் 79 ஆட்டங்களின் சராசரியாகவே இதைச் செய்தார்: 30.8 பாயிண்ட், 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட். அடுத்து ஒருவர் இதைச் செய்ய 55 வருஷம் ஆனது. 2016-17-ல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக். பிறகு 2021 மே மாதம், ராபர்ட்சனின் மொத்தக் கணக்கான 181 டிரிபிள் டபுளையும் வெஸ்ட்புரூக் கடந்தார். அன்றைக்கு ராபர்ட்சனின் பெயர் உலகமெங்கும் ஒருநாள் ஓடியது. மறுநாள் நின்றுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், 1962-ல் டிரிபிள் டபுள் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. 1980-களில் மேஜிக் ஜான்சன் காலத்தில்தான் அது பரவியது. தான் ஒரு சாதனை செய்கிறோம் என்பது ராபர்ட்சனுக்கே தெரியாது. அந்த வருஷம் எல்லாருடைய கண்ணும் வில்ட் சேம்பர்லின் மீது. அவர் ஒரே ஆட்டத்தில் 100 பாயிண்ட் அடித்தது அந்த சீசனில்தான், சீசன் சராசரி 50.4. சிறந்த ஆட்டக்காரர் விருதோ இருவருக்கும் இல்லை, பில் ரஸ்ஸலுக்குப் போனது. அதாவது, இன்றைக்கு நாம் ராபர்ட்சனை எந்த ஒரு எண்ணுக்காக நினைவில் வைத்திருக்கிறோமோ, அது அப்போது யார் கவனத்திலும் இல்லை.

சரி, நண்பரின் வாதத்துக்கு வருவோம். அதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்து ஆட்டம் தலைதெறிக்கும் வேகம். ஒரு அணி ஒரு ஆட்டத்தில் சுமார் 107 முறை கூடையை நோக்கி எறிந்தது. 2016-17-ல் அது 85 சொச்சம்தான். எறிந்ததில் பாதிக்கு மேல் தவறியது, அதனால் பிடிக்கவேண்டிய பந்தும் அதிகம். அணிக்கு 70-க்கு மேல் ரீபவுண்ட், இப்போது 43, 44. இதோடு ராபர்ட்சன் ஆட்டத்துக்கு 44 நிமிஷம் களத்தில் இருந்தார், வெஸ்ட்புரூக் 35 நிமிஷம்கூட இல்லை. ஆகவே 12.5 ரீபவுண்டை அப்படியே இன்றைக்குத் தூக்கிவந்து வைக்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் வெஸ்ட்புரூக்கின் சீசன்தான் பெரிசு என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

ஆனால் அசிஸ்ட் பத்தியைப் பார்த்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1961-62-ல் ஒரு அணிக்கு ஆட்டத்துக்கு சுமார் 24 அசிஸ்ட். 2016-17-ல் 22, 23. வேகம் அவ்வளவு குறைந்தும் அசிஸ்ட் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. ஏனென்றால் அப்போது அசிஸ்ட் கொடுப்பதில் ஸ்கோர் எழுதுபவர்கள் கருமிகள். பந்தை வாங்கியவன் ஒரு தட்டு தட்டி நகர்ந்துவிட்டாலே பல இடங்களில் அசிஸ்ட் எழுதமாட்டார்கள் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். ஆகவே "வேகமான காலம், எண் தானா ஏறும்" என்கிற வாதம் ரீபவுண்டுக்குப் பொருந்தும், அசிஸ்டுக்குப் பொருந்தாது. ராபர்ட்சனுக்கு முன்னால் பாப் கூசி எட்டு வருஷம் தொடர்ந்து அசிஸ்டில் முதலிடம். ஒரு சீசனில் அவருடைய உச்சம் 715. ராபர்ட்சன் வந்த முதல் வருஷமே அந்த முதலிடத்தைப் பிடுங்கினார். இரண்டாவது வருஷம் கொடுத்தது 899. இது சாதனையை ஒரு படி தாண்டுவது இல்லை, வீட்டையே இடித்துக் கட்டுவது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. முதல் ஐந்து சீசனையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 30.3 பாயிண்ட், 10.4 ரீபவுண்ட், 10.6 அசிஸ்ட். ஐந்து வருஷம்! தனித்தனியாகப் பார்த்தால் மயிரிழையில் தவறியவை உண்டு. 1963-64-ல் 79 ஆட்டத்தில் 783 ரீபவுண்ட். இன்னும் ஏழே ஏழு எடுத்திருந்தால் அந்த சீசனும் சராசரியில் டிரிபிள் டபுள். அந்தச் சொல் அன்றைக்கு இருந்திருந்தால் அந்த ஏழையும் எங்கேயாவது ஓடிப் பிடித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அந்த வருஷம் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. ரஸ்ஸலும் சேம்பர்லினும் மாறி மாறி அள்ளிக்கொண்டிருந்த காலத்தில் நடுவே நுழைந்து அதை வாங்கினவர் இவர் ஒருவர்தான்.

எண்கள் போதும். இந்த எண்ணுக்கு முன்னால் ஒரு பையன் இருந்தான். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

1938-ல் டென்னசி மாநிலத்தில் சார்லட் என்கிற சிற்றூரில் பிறந்தார். குடும்பம் பிழைப்புக்காக வடக்கே இண்டியானாபொலிஸுக்கு நகர்ந்தது. கறுப்பர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட குடியிருப்புப் பகுதியில் வளர்ந்தார். பந்து வாங்கக் காசில்லை. டென்னிஸ் பந்தையும் கந்தல் துணியைச் சுருட்டி ரப்பர் பேண்டால் கட்டிய உருண்டையையும் வீட்டுக்குப் பின்னால் மாட்டிய பழக்கூடைக்குள் எறிந்து பழகினார். இண்டியானாவில் கூடைப்பந்து என்பது நம்மூரில் கிரிக்கெட் மாதிரி இல்லை, அதற்கும் மேலே. பள்ளி அணிகளின் மாநிலப் போட்டிதான் அங்கே வருஷத்தின் பெரிய திருவிழா. ஊர் ஊராகக் கடையடைத்துவிட்டுப் பார்க்கப் போவார்கள்.

ராபர்ட்சன் சேர்ந்த பள்ளி க்ரிஸ்பஸ் அட்டக்ஸ். 1770-ல் பாஸ்டனில் பிரிட்டிஷ் படையின் துப்பாக்கிக்கு முதலில் விழுந்த மனிதனின் பெயர். கு க்ளக்ஸ் க்ளான் இண்டியானா அரசியலில் கொடிகட்டிப் பறந்த 1920-களில், கறுப்பு மாணவர்களை மற்றப் பள்ளிகளில் இருந்து பிரித்து வைப்பதற்காகக் கட்டப்பட்டு 1927-ல் திறந்தது. பல்கலைக்கழகங்கள் கறுப்பர்களை வேலைக்கு எடுக்காததால் பெரிய பட்டம் வாங்கியவர்கள் பலர் அங்கே பள்ளி ஆசிரியர்களாக இருந்தார்கள். ஒதுக்கிவைத்த இடம் நல்ல பள்ளியாகவும் ஆகிவிட்டது. ஆனால் 1942 வரை மாநிலப் போட்டியில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஜிம் சிறியது, பெரிய ஆட்டங்களை வேறு அரங்குகளில்தான் ஆடவேண்டும். 1951-ல் ஆண்டர்சன் அணிக்கு எதிராக கடைசி நொடியில் கூடை போட்டு 81-80 என்று ஜெயிக்க வைத்தவர் ஆஸ்கரின் அண்ணன் பெய்லி. அட்டக்ஸ் என்ற பெயரை இண்டியானா முழுக்கக் கேட்க வைத்தது அந்தக் கூடை.

இங்கே ஒரு சினிமாக் கதை குறுக்கே வருகிறது. 1986-ல் வந்த 'ஹூஸியர்ஸ்' படத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். குக்கிராமத்துப் பள்ளி மாநிலக் கோப்பையை ஜெயிக்கும் கதை. 1954-ல் மைலன் என்ற சிற்றூர் பள்ளி ஜெயித்ததுதான் அதற்கு மூலம். அதே போட்டியில் இறுதிக்கட்டத்துக்கு முந்தைய சுற்றில் மைலன் தோற்கடித்த அணிகளில் ஒன்று அட்டக்ஸ். அதில் 15 வயது ராபர்ட்சன் ஆடினான். படத்தின் கடைசி ஆட்டத்தில் எதிரணியின் பயிற்சியாளராக உட்கார்ந்திருக்கும் மனிதர், நிஜத்தில் அட்டக்ஸ் அணியை உருவாக்கிய ரே க்ரோ. இதைத் தெரிந்துகொண்டபின் அந்தப் படத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. நல்ல படம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு அடுத்த வருஷம் நடந்ததற்கு அப்படி ஒரு படம் இல்லை.

அடுத்த வருஷம், 1955 மார்ச்சில், அட்டக்ஸ் மாநிலக் கோப்பையை வென்றது. கறுப்பு மாணவர் மட்டுமே படித்த ஒரு பள்ளி அமெரிக்காவில் எல்லாருக்கும் பொதுவான ஒரு மாநிலப் பட்டத்தை வென்றது அதுவே முதல் தடவை. இறுதி ஆட்டத்தில் எதிரே இருந்ததும் கேரி ரூஸ்வெல்ட் என்ற இன்னொரு கறுப்புப் பள்ளி. 97-74. ராபர்ட்சன் 30 பாயிண்ட். இண்டியானாபொலிஸ் நகரத்தின் எந்தப் பள்ளியும் அதுவரை அந்தக் கோப்பையை வென்றதில்லை. ஜெயித்த அணியைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி நகர மையத்தில் இருக்கும் நினைவுச்சின்ன வட்டத்தில் கொண்டாடுவது ஊர் வழக்கம். இந்தப் பையன்களை வண்டியில் ஏற்றினார்கள், வட்டத்தை ஒரு சுற்று சுற்றினார்கள், நிறுத்தவில்லை. நேராகக் கறுப்பர் பகுதியில் இருந்த ஒரு பூங்காவுக்கு ஓட்டிப்போய் இறக்கிவிட்டார்கள். அங்கே நெருப்பு மூட்டி ஆடிப்பாடிக்கொள்ளட்டும் என்று. நகர மையத்துக்குள் இவ்வளவு கறுப்பர்கள் கூடினால் கலவரம் வரும் என்பது அதிகாரிகளின் பயம். ராபர்ட்சன் அந்தக் கொண்டாட்டத்தில் நிற்கவில்லை. சீக்கிரமே கிளம்பி அப்பா வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வருஷமும் அட்டக்ஸ்தான். ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், 31-0.

கல்லூரி சின்சினாட்டி. மூன்று வருஷமும் நாட்டிலேயே அதிக பாயிண்ட், சராசரி 33.8. 1958 ஜனவரியில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் செட்டன் ஹால் அணிக்கு எதிராக 56 பாயிண்ட். செட்டன் ஹால் மொத்த அணியும் சேர்ந்து அன்றைக்கு எடுத்தது 54! அதே காலத்தில் ஹூஸ்டனில் அணி தங்கிய ஹோட்டலில் இவருக்கு இடமில்லை என்று சொல்லி, கறுப்பர் கல்லூரி விடுதியில் தனியாகத் தங்க அனுப்பினார்கள். 1959, 60 இரண்டு வருஷமும் அரையிறுதியில் கலிஃபோர்னியாவிடம் தோல்வி. இவர் படித்து முடித்துப் போனபின் 1961, 62 இரண்டிலும் சின்சினாட்டி சாம்பியன். "அவர் இல்லாமல்தான் ஜெயித்தார்கள்" என்று இதை வைத்து இன்றும் ஒரு குத்தல் உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக் தங்கத்தை இந்தக் குத்தல்காரர்கள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். அந்த அணிக்கு இவரும் ஜெர்ரி வெஸ்ட்டும்தான் இணைத் தலைவர்கள்.

பிறகு தொழில்முறை ஆட்டம். இங்கேதான் கதையின் இன்னொரு பாதி ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்தில் 'வட்டார உரிமை' என்று ஒரு விதி. பக்கத்து ஊர்க் கல்லூரியில் படித்தவனை அந்த ஊர் அணி நேராக எடுத்துக்கொள்ளலாம். ஆகவே சின்சினாட்டி ராயல்ஸ் இவரை எடுத்துக்கொண்டது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: காலம் முடிந்தால் அணியே அதை நீட்டித்துக்கொள்ளலாம். நடைமுறையில் இதன் அர்த்தம், ஆட்டக்காரன் அணியின் சொத்து. அணி விற்கலாம், மாற்றலாம், வைத்துக்கொள்ளலாம். அவனாக விலகி இன்னொரு அணிக்குப் போக முடியாது. படிக்கும்போது எனக்குப் பண்ணையாள் முறிச்சீட்டு ஞாபகம் வந்தது. சம்பளம் நல்ல சம்பளம்தான், அதனால் ஒப்புமை முழுசாகப் பொருந்தாது, தெரியும். ஆனாலும் ஞாபகம் வந்தது.

இவர் வருவதற்கு முந்தைய சீசனில் ராயல்ஸ் 19 வெற்றி, 56 தோல்வி. 1963-64-ல் 55 வெற்றி, 25 தோல்வி. ஆனால் கோப்பை இல்லை. காரணம் ஒரே வார்த்தை: பாஸ்டன். 1963-ல் ஏழு ஆட்டம் வரை இழுத்துப் போராடித் தோற்றார்கள், 64-லும் அதே பாஸ்டன். பில் ரஸ்ஸல் 13 வருஷத்தில் 11 கோப்பை வாங்கிய காலம் அது. அந்தப் பதினொன்றுக்குக் கீழே நசுங்கியவர்கள் பட்டியல் நீளம். வெஸ்ட், பெய்லர், சேம்பர்லின் எல்லாரும் அதில் உண்டு. "ஜெயிக்கத் தெரியாதவர்" என்று ராபர்ட்சனைச் சொல்பவர்கள் அந்த ராயல்ஸ் அணியின் ஆள் பட்டியலை ஒருதரம் பார்க்கவேண்டும். ஜெர்ரி லூகஸ் உண்டு, வெய்ன் எம்ப்ரி உண்டு, மறுக்கவில்லை. எதிரே ரஸ்ஸலைச் சுற்றி இருந்தவர்களையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

1964 ஜனவரி, பாஸ்டனில் நட்சத்திர ஆட்டம். தொலைக்காட்சியில் இரவு முக்கிய நேரத்தில் நாடு முழுக்க ஒளிபரப்பு. ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஓய்வூதியம் தருவோம் என்று வாக்குக் கொடுக்கும்வரை வெளியே வரமாட்டோம். உள்ளே இருந்தவர்கள் ரஸ்ஸல், சேம்பர்லின், பெய்லர், வெஸ்ட், ராபர்ட்சன். அப்போது சங்கத் தலைவர் டாமி ஹைன்சன். தன் ஆட்களான பெய்லரும் வெஸ்ட்டும் உடனே வெளியே வராவிட்டால் அவ்வளவுதான் என்று லேக்கர்ஸ் முதலாளி சொல்லி அனுப்பினார். யாரும் அசையவில்லை. ஒளிபரப்பு நேரம் நெருங்க, கமிஷனர் வாக்குக் கொடுத்தார். கதவு திறந்தது. தாமதமாகத் தொடங்கிய அந்த ஆட்டத்தில் 26 பாயிண்ட், 14 ரீபவுண்ட், 8 அசிஸ்ட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனவர் ராபர்ட்சன்.

அடுத்த வருஷம் சங்கத் தலைவர் பொறுப்பு இவரிடம் வந்தது. 1974-ல் ஓய்வு பெறும்வரை அவர்தான் தலைவர். ஒன்பது வருஷம். அமெரிக்காவில் ஒரு தேசிய விளையாட்டுத் தொழிற்சங்கத்துக்குக் கறுப்பர் ஒருவர் தலைவரானது அதுவே முதல் தடவை என்பார்கள். 1970 ஏப்ரலில், என்பிஏவும் போட்டி லீகான ஏபிஏவும் ஒன்றாக இணையப் பார்த்தன. இரண்டு லீக் இருந்ததால்தான் ஆட்டக்காரனுக்குப் பேரம் பேசக் கொஞ்சம் வழி இருந்தது. இணைந்தால் அந்த வழியும் அடைபடும். 14 அணிகளில் இருந்தும் ஆளுக்கு ஒருவராக 14 பேர், என்பிஏ மீது ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். ஹாவ்லிசெக் இருந்தார், பின்னால் செனட்டர் ஆன பில் பிராட்லி இருந்தார். வழக்கின் தலைப்பில் முதல் பெயர் ராபர்ட்சன். 31 வயது, இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார், தனக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளிகள் எல்லார் மீதும் வழக்கு.

இதே 1970-ல்தான் பேஸ்பால் ஆட்டக்காரர் கர்ட் ஃப்ளட் இதே மாதிரி வழக்குப் போட்டார். அவர் 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார், ஆட்டவாழ்க்கையும் முடிந்தது. அவருடைய பெயர் தியாகியின் பெயராக நிலைத்தது. நிலைக்கவேண்டியதுதான். ராபர்ட்சன் தோற்கவில்லை. அதனாலேயே அவருடைய வழக்கு கதையாகாமல் வெறும் சட்டக் குறிப்பாகப் போய்விட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வழக்கை விசாரித்த நீதிபதியின் பெயரைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராபர்ட் கார்ட்டர். நீதிபதி ஆவதற்கு முன்னால், பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954-ல் தீர்ப்பு வந்ததே, பிரவுன் வழக்கு, அதில் உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர். அந்தத் தீர்ப்பு வந்தபோது ராபர்ட்சன் பிரித்துவைக்கப்பட்ட அட்டக்ஸ் பள்ளியின் மாணவன். இருபது வருஷம் கழித்து இருவரும் ஒரே வழக்கில். 1975-ல் கார்ட்டர் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தார். ஆட்டக்காரர் தேர்வு முறை, ஒப்பந்த நீட்டிப்பு ஷரத்து எல்லாமே சட்டப்படி கேள்விக்குரியவை என்று எழுதினார். லீகுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று புரிந்தது. 1976-ல் சமரசம். நீட்டிப்பு ஷரத்து போனது. அதன்பிறகுதான் இரண்டு லீகும் இணைய முடிந்தது, ஏபிஏவின் நான்கு அணிகள் உள்ளே வந்தன. முழு விடுதலை ஒரே நாளில் வரவில்லை, படிப்படியாகத்தான் வந்தது. 1988-ல் ஒரு ஆட்டக்காரர் எந்தத் தடையும் இல்லாமல் தன் விருப்பப்படி அணி மாறும் நிலை வந்தது. 2010-ல் லெப்ரான் ஜேம்ஸ் தொலைக்காட்சியில் உட்கார்ந்து தான் எங்கே போகிறேன் என்று அறிவித்தாரே, அந்த நாற்காலிக்கு ஒரு கால் செய்து கொடுத்தவர் ராபர்ட்சன்.

களத்துக்குத் திரும்புவோம். 1969-ல் ராயல்ஸுக்குப் பயிற்சியாளராக வந்தவர் வேறு யாருமில்லை, பாப் கூசி. ராபர்ட்சன் யாருடைய அசிஸ்ட் சாதனையை உடைத்தாரோ அதே கூசி. இருவருக்கும் ஒத்துவரவில்லை. ராபர்ட்சனை முதலில் பால்டிமோருக்கு அனுப்பப் பார்த்தார்கள். ஒப்பந்தத்தில் இவர் முன்யோசனையோடு வாங்கி வைத்திருந்த மறுப்புரிமையைப் பயன்படுத்தி முடியாது என்றார். 1970-ல் மில்வாக்கிக்குப் போனார். பதிலுக்கு ராயல்ஸ் வாங்கிய இரண்டு பேரின் பெயரையும் இன்று ரசிகர்களுக்கே தேடித்தான் சொல்லவேண்டும்.

மில்வாக்கி அப்போது மூன்றாவது சீசனில் இருந்த குழந்தை அணி. அங்கே லூ ஆல்சிண்டர் என்ற ஏழடி இளைஞன். கரீம் அப்துல் ஜபார் என்று பின்னால் உலகம் அறிந்தவர். ராபர்ட்சன் தன் பாயிண்டைக் குறைத்துக்கொண்டார், 19.4. பந்தை எப்போது, எந்த உயரத்தில், எந்தக் கையில் கரீமுக்குக் கொடுக்கவேண்டும் என்பதுதான் இப்போது அவர் வேலை. 66 வெற்றி, 16 தோல்வி. நடுவில் தொடர்ந்து 20 வெற்றி. இறுதியில் பால்டிமோரை 4-0 என்று சுத்தமாகத் துடைத்தார்கள். கடைசி ஆட்டத்தில் ராபர்ட்சன் 30 பாயிண்ட். வயது 32, கிடைத்தது அந்த ஒரே கோப்பை.

கடைசிக் காட்சி நல்ல காட்சி இல்லை. 1974 இறுதிப் போட்டி, ஏழாவது ஆட்டம், மறுபடியும் பாஸ்டன். 35 வயது ராபர்ட்சன் 13 முறை எறிந்து 2 மட்டும் போட்டார். தோல்வி. ஓய்வு. அடுத்த சீசனில் மில்வாக்கி 38-44 என்று கடைசி இடத்துக்குப் போனது. கரீமும் கை உடைந்து சில வாரம் ஆடவில்லை, அதையும் சொல்லவேண்டும்.

ஏன் மறந்தோம்? எனக்குத் தோன்றுவதில் பெரிய காரணம் ரொம்ப சாதாரணமானது. அவருடைய ஊரில் இன்று அணியே இல்லை. ராயல்ஸ் 1972-ல் கான்சாஸ் சிட்டிக்குப் போய், பிறகு சாக்ரமெண்டோவுக்குப் போனது. அவர் போட்ட 14 என்ற எண்ணை ஓய்வு கொடுத்து மாட்டியிருப்பது, அவர் ஒருநாளும் ஆடாத சாக்ரமெண்டோவின் கூரையில்! ஒரு அணி ஊரில் இருந்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் தாத்தா பேரனுக்குச் சொல்வார், அணியே படம் போட்டுக் காட்டும். சின்சினாட்டியில் யார் சொல்வது? பல்கலைக்கழகத்தில் ஒரு சிலை இருக்கிறது. கூடவே அந்தக் காலத்து ஒளிப்பதிவும் குறைவு. ஜோர்டனை நாம் பார்த்தோம், இவரை வாசிக்கத்தான் முடிகிறது. வாசிப்பில் எண் மட்டும்தான் மிஞ்சும்.

அந்த எண்ணிலும் அதிர்ஷ்டமில்லை. 1967-68-ல் சராசரிப்படி பாயிண்ட், அசிஸ்ட் இரண்டிலும் முதலிடம் இவருக்குத்தான், 29.2, 9.7. ஆனால் அப்போது மொத்த எண்ணிக்கைக்குத்தான் பட்டம். காயத்தால் இவர் ஆடியது 65 ஆட்டம். பாயிண்ட் பட்டம் டேவ் பிங்குக்கும் அசிஸ்ட் பட்டம் சேம்பர்லினுக்கும் போனது. இரண்டே வருஷத்தில் விதியைச் சராசரிக்கு மாற்றிவிட்டார்கள்.

இன்னொரு காரணம் அவருடைய வாய். இனிக்க இனிக்கப் பேசுகிற மனிதர் இல்லை. களத்தில் சக ஆட்டக்காரர் தப்பு செய்தால் அங்கேயே திட்டுவார். ஓய்வுக்குப்பின் ஒரு சீசன் தொலைக்காட்சி வர்ணனை செய்தார், அதோடு நிறுத்திவிட்டார்கள். வழக்குதான் காரணம் என்பது அவர் நம்பிக்கை. 2016-ல் ஸ்டெஃப் கரி பற்றிய பேச்சில், இப்போதைய பயிற்சியாளர்களுக்குத் தடுப்பாட்டமே தெரியவில்லை என்று சொல்லப்போக, இணையம் அவரைப் பொறாமை பிடித்த கிழவர் ஆக்கிவிட்டது. அந்தப் பேச்சு எனக்கும் உவப்பாக இல்லை. ஆனால் அடுத்த வருஷமே ஓக்லஹோமா சிட்டிக்குப் போய், தன் சாதனையை உடைத்த வெஸ்ட்புரூக்கை ரசிகர்கள் முன்னால் நின்று பாராட்டியதும் அதே கிழவர்தான். 1997-ல் மகளுக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்தவரும் அவர்தான்.

நண்பருக்கு இதையெல்லாம் வாட்ஸப்பில் அனுப்பினேன். "சரிப்பா, அசிஸ்ட் கணக்கை ஒத்துக்கறேன், ரீபவுண்டை ஒத்துக்க மாட்டேன்" என்று பதில். நியாயம்தான். ஊர்வலம் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் இங்கே பதில் எழுதிவிடுகிறேன், வேறு யாருக்காவதும் தோன்றியிருக்கலாம். ஆமாம், பிறகு கூப்பிட்டார்கள். இண்டியானாபொலிஸில் ஒவ்வொரு மே மாதமும் 500 மைல் கார்ப் பந்தயத்தை ஒட்டி நகர மையத்தில் பெரிய ஊர்வலம் நடக்கும். 2015-ல் அதை முன்னின்று நடத்தும் மரியாதையை 1955 அட்டக்ஸ் அணிக்குக் கொடுத்தார்கள். பையன்களுக்கு அப்போது 75, 80 வயது.